ஐஸ் மாதிரி என்று சொன்னேன்

(லண்டன் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே வெஸ்ட் ஈலிங்கில் மாலை 4 மணி. டொரொண்டோவில் இருக்கிறவர்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பீர்கள். சிங்கப்பூர்க்காரர்கள் தூக்கத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் நன்றி.

இலக்கியக் கூட்டத்தில் லேசர், எலெக்ட்ரான் என்று அறிவிப்பைப் பார்த்துவிட்டு இரண்டு நண்பர்கள் போன் செய்தார்கள். "சிஸ்டர், லிங்க் மாறி வந்துவிட்டதா?" என்று ஒருவர் கேட்டார். மாறவில்லை. நான் இயற்பியல் படித்தவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் டிப்ளமோ படித்தவள். பிளஸ் டூ இயற்பியலில் நான் எடுத்த மார்க்கை நேரலையில் சொல்ல மாட்டேன். இன்றைக்கு நான் பேச வந்தது உவமையைப் பற்றி. தப்பான ஓர் உவமையைச் சொல்லி ஒருவரை நோகவைத்தேன். அதைத் திருத்திக்கொள்ளப் போய், கடைசியில் மும்பை கொலாபாவில் இருக்கும் ஒரு லேசர் ஆய்வகம்வரை படித்துக்கொண்டு போய்விட்டேன். அந்தக் கதைதான் இது.

எங்கள் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். பெயர் வேண்டாம். அக்கா என்றே சொல்கிறேன். சாப்பல் ரோட்டில் இருக்கிற துர்க்கையம்மன் கோவிலுக்கு வெள்ளி தவறாமல் போவார். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆகஸ்டில் தேர் தெருவுக்கு வரும்போது இரண்டு பேரும் ஒன்றாக நின்று வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்போம். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, அந்தத் தழும்பின்மேலேயே தோலில் சின்னச் சின்னக் கட்டிகள் வந்தன. எலெக்ட்ரான் கதிர் கொடுக்கலாம் என்று முடிவானது. நான் வேலை பார்ப்பது வேறு வார்டு, வேறு ஆஸ்பத்திரி. லீவு போட்டுத் துணைக்குப் போனேன்.

முதல் நாள், கருவியை இயக்குகிற நேரம்வரை கூட நிற்கலாம் என்றார்கள். அக்காவைப் படுக்கவைத்து, தழும்பின்மேல் ஜெல்லி மாதிரி ஒரு தடித்த விரிப்பை ஒட்டினாற்போல் போட்டார்கள். அதற்குப் போலஸ் என்று பெயர். தொட்டால் சில்லென்று இருக்கும். அக்கா என்னைப் பார்த்து, "உது என்னத்துக்குப் பிள்ளை?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் யூனிஃபார்ம் போட்டுப் பழகிய வாய், தெரியாது என்று சொல்லவில்லை. "ஐஸ் மாதிரி அக்கா. சூடு தெரியாமல் இருக்கப் போடுகிறார்கள்" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

மூன்றாவது வாரம் தோல் சிவந்தது. பிறகு உரிந்தது. பிறகு நீர் கசிந்தது. நான் வீட்டுக்குப் போய் டிரெஸ்ஸிங் மாற்றிக்கொண்டிருந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஐஸ் மாதிரி எண்டு சொன்னனீ பிள்ளை. இது நெருப்பெல்லோ." கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தோலுக்கு வெளியேயிருந்து வரும் எலெக்ட்ரான் கதிர், மேல்தோலில் தன் முழு அளவைக் கொடுப்பதில்லை. கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் முழு அளவுக்கு வரும். அக்காவுக்கு நோய் இருந்தது தோலிலேயே. ஆகவே அந்த "கொஞ்சம் உள்ளே" என்கிற தூரத்தை வெளியிலேயே ஒரு ஜெல் விரிப்பால் உண்டாக்கிவிடுகிறார்கள். எலெக்ட்ரான் ஜெல்லுக்குள் புகுந்து, தோலுக்கு வந்து சேரும்போது முழு அளவாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. தழும்பு ஒரு வரப்பு மாதிரி மேடாக இருக்கும், பக்கத்தில் பள்ளம் இருக்கும். எலெக்ட்ரான் எடை குறைந்தது, எளிதில் சிதறும். மேடுபள்ளத்தின் ஓரங்களில் அது பக்கவாட்டில் சிதறி, ஓரிடத்தில் அதிகமாகவும் பக்கத்திலேயே குறைவாகவும் விழும். மூக்கு, காது போன்ற இடங்களில் இது பெரிய சிக்கல். விரிப்பு பள்ளத்தை நிரப்பிப் பரப்பைச் சமமாக்குகிறது.

அதாவது நான் சொன்னதற்கு நேர் எதிர். அந்த விரிப்பு சூட்டைக் குறைக்கப் போட்டதல்ல. தோலுக்கு அளவைக் கூட்டப் போட்டது. தோல் அதிகமாகப் புண்ணாகும் என்று தெரிந்தே போட்டது.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டு, "சரி விடு. அப்ப உந்த இலத்திரன் எங்கையிருந்து வருது? அதையாவது சரியாச் சொல்லு" என்றார். அவர் ஊரில் விஞ்ஞானம் படித்தவர். நாம் எலெக்ட்ரான் என்பதை இலங்கைப் பாடப்புத்தகத்தில் இலத்திரன் என்பார்கள். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. "படித்துவிட்டு வந்து சொல்கிறேன் அக்கா" என்றேன். இரவு டியூட்டி இடைவேளைகளில் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்டுபிடித்தது நம் வீட்டுப் பக்கத்துச் சேதி. இங்கிருந்து 207 பஸ் பிடித்தால் போகிற திசையில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை இருக்கிறது. 1953-ஆம் ஆண்டு, நேர்கோட்டு முடுக்கி என்கிற லினாக் கருவியால் ஒரு மருத்துவமனையில் நோயாளிக்கு முதன்முதலில் சிகிச்சை கொடுத்தது அங்கேதான். சூடான கம்பியிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து, செம்பு அறைகளுக்குள் நுண்ணலையால் தள்ளித் தள்ளி வேகம் கூட்டுவார்கள். கடைசியில் அதை டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டால் எக்ஸ்ரே கிடைக்கும். மோதவிடாமல் விரித்து வெளியே விட்டால் அதுதான் அக்காவுக்குக் கொடுத்த எலெக்ட்ரான் கதிர். இதை அக்காவிடம் சொன்னேன். "தேர் வடம் பிடிக்கிற மாதிரி, ஆள் மாறி ஆள் இழுக்கிறது" என்றார். சரியான உவமைதான்.

எலெக்ட்ரானுக்கு வேகம் கூட்ட வேறு வழி உண்டா என்று தேடியபோதுதான் லேசர் வந்தது. 1985-இல் ஜெரார் மூரூவும் டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஒரு வழி சொன்னார்கள். லேசர்த் துடிப்பை முதலில் நேரத்தில் இழுத்து நீட்டி, நீட்டிய நிலையில் பலம் ஏற்றி, பிறகு மறுபடி சுருக்கிவிட வேண்டும். கருவி எரிந்துபோகாமல் மகா பலமான துடிப்பு கிடைக்கும். 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இப்படிப்பட்ட ஒரு துடிப்பு 100 ஃபெம்டோ நொடி நீடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்குள் உலகத்தை ஏழரைத் தடவை சுற்றிவரக்கூடிய ஒளி, அந்த நேரத்தில் 30 மைக்ரோமீட்டர்தான் நகரும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அவ்வளவு சின்ன நேரத்தில், அவ்வளவு சின்ன இடத்தில் குவிந்த ஒளி ஒரு திடப்பொருளில் பட்டால், அதன் மேற்பரப்பு உடனே பிளாஸ்மாவாகிவிடும். அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வரும். ஒளியின் மின்புலம் அவற்றை வெளியே இழுத்து உள்ளே அடிக்கும். உள்ளே பாய்ந்த எலெக்ட்ரான் வேகம் தணியும்போது எக்ஸ்ரே வரும். அந்த எக்ஸ்ரேயை அளந்தால் எவ்வளவு எலெக்ட்ரான் எவ்வளவு வேகம் பெற்றது என்று கணக்கிடலாம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கல்லீரலின் நிலையைச் சொல்வதுபோல.

இங்கே ஒரு சிக்கல். நன்றாக மெருகேற்றிய உலோகத் தகடு கண்ணாடி மாதிரி. வருகிற ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். எலெக்ட்ரானுக்குக் கிடைப்பது கொஞ்சம்.

மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஹோமி பாபா 1945-இல் தொடங்கியது. அங்கே ஜி. ரவீந்திர குமார் முதலியவர்கள் தகட்டின் முகத்தை மாற்றிப் பார்த்தார்கள். வழவழப்பான பரப்பின்மேல் செம்பு நானோ துகள்களைப் பூசினார்கள். ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கு அளவுள்ள துகள்கள். அதே லேசர், அதே உலோகம். வெளிவந்த கடும் எக்ஸ்ரே 13 மடங்கு. 2003-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது.

ஏன் அப்படி? நான் எனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டேன். படுக்கையில் நீண்டநாள் கிடக்கும் நோயாளிக்குப் புண் எங்கே வருகிறது? தொடையில் வருவதில்லை. குதிகாலில், இடுப்பு எலும்பு முனையில் வரும். உடம்பின் எடை மாறவில்லை. ஆனால் முனையில் அது குவிகிறது. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் போதும். அதனால்தான் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகச் சொல்லி முதல் வருஷத்திலேயே எங்களை வறுத்தெடுப்பார்கள். மின்புலமும் அப்படித்தான் முனையில் குவியும். கூடவே, துகளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான் கூட்டம் ஒளியின் தாளத்துக்கு ஒத்து ஆடத் தொடங்கினால், குவிவு இன்னும் கூடும்.

இந்த உவமை எங்கே நின்றுபோகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குதிகாலின் அழுத்தம் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பது. ஒளியின் மின்புலம் அந்த 100 ஃபெம்டோ நொடிக்குள்ளேயே நாற்பதுக்குச் சற்றுக் குறைவான தடவை முன்னும் பின்னும் புரளும். படுக்கைப் புண்ணை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த ஆட்டம் நமக்குத் தெரியாமல் போய்விடும்.

2008-இல் அதே நிறுவனத்தார், காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதிமான் காவ் உள்ளிட்டோருடன் சேர்ந்து இன்னொரு முகத்தை முயன்றார்கள். ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமான வரிவரியான பள்ளங்கள் உள்ள பரப்பு. சரியான கோணத்தில் ஒளியைச் சாய்த்து விட்டால் ஏறக்குறைய முழு ஒளியையும் அது உறிஞ்சிக்கொண்டது. கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிய அதே பொருள், மேலே கோடு கிழித்ததும் வாங்கி வைத்துக்கொண்டது.

அடுத்ததைப் படித்தபோது நான் டியூட்டி ரூமில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். 2012-இல் எம். கிருஷ்ணமூர்த்தி முதலியவர்கள் கண்ணாடிப் பலகையின்மேல் பாக்டீரியாவைப் பூசினார்கள். எந்தப் பாக்டீரியா? ஈ. கோலை! சிறுநீர்க் கல்ச்சர் ரிப்போர்ட்டில் நாங்கள் வாரம் தவறாமல் பார்க்கிற அதே ஈ. கோலை. கேப்ஸ்யூல் மாத்திரை மாதிரி நீண்டு உருண்ட வடிவம், சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். அதன்மேல் சதுர சென்டிமீட்டருக்கு 10-இன் 16-ஆம் அடுக்கு வாட் செறிவுள்ள லேசரை விட்டார்கள். நம் தலையில் விழும் வெயிலோடு ஒப்பிட்டால் ஒன்றுக்குப் பின்னால் பதினேழு சுழி போடுகிற மடங்கு. வெறும் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் கடும் எக்ஸ்ரே வந்தது. பாக்டீரியா உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் பலன் உண்டு. பாக்டீரியாவை நீள்கோளங்களாக வைத்துக் கணினியில் போட்டுப் பார்த்தபோதும், நுண்ணிய வடிவங்கள் இருந்தால் சூடான எலெக்ட்ரான்கள் பெருகுவது தெரிந்தது.

"கிருமியாலை எக்ஸ்ரேயோ!" என்று அக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

அதே 2012-இல் கார்பன் நானோ குழாய்களை நாற்று மாதிரி நெருக்கமாக நிமிர்த்தி நிறுத்தி, அதன்மேல் லேசரை விட்ட ஆய்வும் அந்த நிறுவனத்திலிருந்து வந்தது. மெகா ஆம்பியர் அளவு எலெக்ட்ரான் ஓட்டம் அந்தக் குழாய்களின் வழியே மில்லிமீட்டர் தூரம் போயிற்று. இங்கே நம் வீட்டு பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். மெகா என்றால் 10 லட்சம். சாதாரணத் திடப்பொருளில் இவ்வளவு ஓட்டம் போனால் இழை இழையாகப் பிரிந்து சிதறப் பார்க்கும். மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் வடிவம் அதற்கு வழிகாட்டிக் கூட்டிக்கொண்டு போகிறது.

இனிமேல்தான் இலக்கியக்காரர்களுக்கான பகுதி. நானோ முனையில் மின்புலம் குவிவதை விஞ்ஞானிகளே "இடிதாங்கி விளைவு" என்று சொல்கிறார்கள். அவர்களும் உவமைதான் தேடுகிறார்கள். ஆனால் அந்த உவமைக்கு லண்டனில் ஒரு பழைய வழக்கு உண்டு. 1777-இல், தேம்ஸ் கரையில் பர்ஃப்லீட் என்ற இடத்தில் வெடிமருந்துக் கிடங்கு வளாகத்தை மின்னல் தாக்கியது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொன்னபடி கூரான இடிதாங்கி வைத்திருந்த இடம். கூர் கூடாது, மொட்டையாக இருக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்த பெஞ்சமின் வில்சன், ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் பாந்தியன் மண்டபத்தில் பெரிய செய்முறை விளக்கமே நடத்தினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மொட்டைக் கட்சி. ஃபிராங்க்ளினோ அமெரிக்க விடுதலைப் போரில் எதிர்ப்பக்கம். அதனால் இடிதாங்கியின் முனை அரசியலாகிவிட்டது.

கூர்தான் சரி என்று பிற்காலம் தீர்ப்புச் சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் 2000-இல் வெளியான நியூ மெக்சிகோ மலை ஆய்வு ஒன்று வேறு சொன்னது. பக்கத்தில் பக்கத்தில் நட்டுவைத்த கம்பிகளில், ஊசி மாதிரி கூரானவற்றைவிட மிதமாக மழுங்கிய முனைகளைத்தான் மின்னல் தேடி வந்தது. மிகக் கூரான முனையில் புலம் பலமாக இருந்தாலும், கொஞ்சம் தள்ளிப் போனதும் சட்டென்று குறைந்துவிடுகிறது. மன்னர் சொன்ன காரணம் தப்பு. ஆனால் முனை பாதி சரி! ஆக, "கூராக இருந்தால் நல்லது" என்ற ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போக முடியாது.

லேசரிலும் இதே எச்சரிக்கை உண்டு. முக்கியத் துடிப்பு வருவதற்குச் சற்று முன்னாலேயே மங்கலான ஒளி கொஞ்சம் வந்துவிடும். முன்துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். அதுவும் பலமாக இருந்தால், நாம் பார்த்துப் பார்த்துச் செய்த முனையும் பள்ளமும் முன்கூட்டியே உருகி, ஊதி, ஒன்றோடொன்று கலந்துவிடும். பிரதான ஒளி வரும்போது அங்கே வடிவமே இருக்காது, மங்கலான ஒரு மேகம்தான் இருக்கும். செறிவு கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். ஆகவே முகத்தைச் செதுக்கினால் மட்டும் போதாது, அது கடைசிக் கணம்வரை அழியாமல் இருக்கும்படி லேசரையும் சுத்தமாக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அக்காவின் தழும்பும் மும்பையின் தகடும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். எலெக்ட்ரானை முடுக்கிவிடும் இடத்தில் மேடுபள்ளம் வேண்டும், முனை வேண்டும், குவிய வேண்டும். அது போய்ச் சேருகிற இடத்தில், ஒரு மனுஷியின் தோலில், பரப்பு சமமாக வேண்டும், எங்கும் குவியக் கூடாது. கரடுமுரடு என்றால் குறை, சமம் என்றால் நிறை என்று வேதபாட வகுப்பிலும் நர்சிங் ஸ்கூலிலும் கேட்டு வளர்ந்தவள் நான். எந்த இடத்தில், எதற்காக என்று கேட்காமல் இரண்டில் எதையும் புகழ முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கொடுத்தது லேசரால் முடுக்கிய எலெக்ட்ரான் அல்ல, லினாக் கருவியின் எலெக்ட்ரான். லேசரும் திடப்பொருளும் மோதி வரும் எலெக்ட்ரான்கள் ஒரே சீரான வேகத்தில் வருவதில்லை, பல வேகங்களில் கலந்து வருகின்றன. அவை இன்று ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சை அல்ல. கேட்பவர்களில் யாருடைய வீட்டிலாவது நோய் இருக்கலாம். நான் இன்னொரு ஐஸ் உவமையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

அக்காவிடம் ஜெல் விரிப்பைப் பற்றித் திரும்பவும் விளக்கினேன். மேடுபள்ளத்தை நிரப்புகிறது என்றதும் அவரே சொன்னார்: "கோலம் போட முன்னம் முத்தம் மெழுகிற மாதிரி." அழகாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதிக்கு என்னிடம் உவமை இல்லை. நேராகச் சொன்னேன்: "அக்கா, அது தோலுக்கு அளவைக் கூட்டுகிறது. அதனால்தான் இவ்வளவு புண். நோய் தோலில் இருந்ததால் வேறு வழியில்லை. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்." அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதலே சொல்லியிருந்தா நான் பயந்திருப்பன். ஆனா ஆயத்தமா இருந்திருப்பன்" என்றார்.

புண் ஆறியது. தழும்பில் கட்டிகள் திரும்ப வரவில்லை. நோய் வேறு இடத்துக்குப் போயிருந்தது. போன வருஷம் தேருக்கு முன்னால் அக்கா காலமானார். தண்ணீர்ப் பந்தலில் நான் அவருடைய மகளோடு நின்றேன்.

இப்போதும் வார்டில் யாராவது "இது என்னத்துக்கு சிஸ்டர்?" என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன். கேட்டுவந்து சொல்கிறேன் என்கிறேன். கதை எழுதும்போதும் அப்படித்தான். ஓர் உவமை வந்து உட்கார்ந்தால், இது யாருக்கு ஆறுதல், கேட்கிறவருக்கா எனக்கா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஐஸ் என்று சொன்னது என் ஆறுதலுக்காகத்தான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இயற்பியல் படித்தவர்கள் யாராவது இருந்தால், நான் தவறாகச் சொன்னதை முதலில் திருத்துங்கள். மற்றக் கேள்விகளைப் பிறகு பார்க்கலாம்.